மாறும் ஊசி தோற்ற ஊசியா?

"ஏனுங்க, வருசா வருசம் மாத்தி மாத்திப் போடோணும்னா அது என்ன ஊசிங்க?"

கோவையில் ஃப்ளூ தடுப்பூசி பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். பேக்கரி முன்னால் டீ கிளாஸோடு நிற்பவரும் கேட்கிறார், கல்லூரியில் பாடம் நடத்துபவரும் கேட்கிறார். தட்டம்மை ஊசி சின்ன வயதில் போட்டால் ஆயுசுக்கும் காக்கிறது. போலியோ சொட்டு மருந்து அந்த நோயையே நாட்டை விட்டு விரட்டியது. இது மட்டும் ஏன் ஆண்டுதோறும்? ஒழுங்காக வேலை செய்யாத மருந்தைத்தானே திரும்பத் திரும்பத் திருத்துவார்கள்? இதுதான் வாதம். இதன் கூடவே வேறு சில பேச்சுகளும் வரும்: அது வெறும் சளிக்காய்ச்சல், அது குளிர்நாட்டு நோய், ஊசி போட்டவனுக்கும் காய்ச்சல் வருகிறது, எல்லாம் கம்பெனி வியாபாரம்.

இந்த வாதம் தவறு என்று சொல்ல வெளிநாட்டு நிபுணர் எவரும் இங்கே வர வேண்டியதில்லை. கொங்கு நாட்டு உழவரும் பண்ணைக்காரரும் தங்கள் தொழுவத்திலும் கொட்டகையிலும் அன்றாடம் அதைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் தொழுவத்துக்குப் போவோம். கோமாரி வராமல் இருக்க மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போடுகிறோம். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசே அதை இலவசமாகப் போடுகிறது. அந்த ஊசியில் ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகை வைரஸுக்கு எதிரான சரக்கு இருக்கிறது. முன்பு சி என்ற நான்காவது வகையும் இருந்தது. 1995க்குப் பிறகு அந்த வகை இந்தியாவில் தென்படவில்லை என்பதால் அதை எடுத்துவிட்டார்கள். களத்தில் எந்த வைரஸ் உலவுகிறது என்று ஆய்வகத்தில் பார்த்துப் பார்த்துத்தான் ஊசி தயாராகிறது. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா போடோணும்னா அது தோத்துப்போன ஊசி" என்று காங்கேயத்தில் மாடு வளர்ப்பவர் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பல்லடத்திலும் நாமக்கல்லிலும் கோழிப்பண்ணைக்குள் போய்ப் பாருங்கள். குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து. சில வாரம் கழித்து அதே நோய்க்கு லசோட்டா என்ற மருந்து. முட்டைக் கோழியானால் அதற்குப் பிறகும் ஊசி. ஒரு தடவை போட்டாயிற்றே என்று பண்ணைக்காரர் விட்டுவிடுவதில்லை. விட்டால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகும் என்பது அவருக்குத் தெரியும். நோயின் போக்குக்கு ஏற்பத்தான் காப்பும் இருக்க வேண்டும் என்ற அறிவு இந்த மண்ணில் பழையது. வீட்டுப் பெரியவர் என்று வரும்போதுதான் அது நமக்கு மறந்துபோகிறது.

தட்டம்மைக்கும் ஃப்ளூவுக்கும் என்ன வேறுபாடு? ஃப்ளூ வைரஸின் மேல் ஹீமாக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நிற்கிறது. நம் மூச்சுப்பாதையின் செல்லைப் பற்றிக்கொண்டு அது உள்ளே நுழைவது அந்த முள்ளால்தான். நம் உடல் அடையாளம் வைத்துக்கொள்வதும் அந்த முள்ளைத்தான். இந்த வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது நிறையப் பிழை செய்யும். அந்தப் பிழையைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பிழைகளில் சில முள்ளின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றிவிடும். போன வருடம் வந்தவன் இந்த வருடம் வேறு சட்டையில் வருவது போல, பழைய அடையாளம் செல்லாமல் போகும். தட்டம்மை வைரஸும் பிழை செய்கிறது. ஆனால் அதன் முள்ளில் முக்கியமான இடங்கள் மாறினால் அதனால் செல்லைப் பற்ற முடியாது, பிழைக்கவும் முடியாது. அதனால் அதற்கு ஒரே ஊசி பல பத்தாண்டுகள் செல்கிறது. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் மாறுகிறது என்றால், மாறும் பகையை அது விடாமல் பின்தொடர்கிறது என்று பொருள்.

இந்தப் பாடம் கற்கப்பட்ட கதையும் நாம் அறிய வேண்டியது. மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை 1933இல் லண்டனில் பிரித்தெடுத்தார்கள். கருக்கொண்ட கோழி முட்டைக்குள் அதை வளர்க்க முடியும் என்பது விரைவில் தெரிந்தது. தாமஸ் ஃபிரான்சிஸும், பின்னாளில் போலியோ ஊசியால் புகழ்பெற்ற ஜோனஸ் சால்க்கும் சேர்ந்து செய்த ஊசி 1945இல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் நன்றாகக் காத்தது. 1947இல் அதே ஊசி ஏறத்தாழப் பயனற்றுப் போனது. அப்போது அவர்கள் ஊசியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ஏன் என்று பார்த்தார்கள். வைரஸ் மாறியிருந்தது. அதனால்தான் 1952இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கண்காணிப்பு வலையைக் கட்டியது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனம் இருக்கிறது. நோயாளிகளின் தொண்டைச் சளியிலிருந்து எடுத்த வைரஸ்களை ஒப்பிட்டு, பிப்ரவரியில் வட கோளத்துக்கும் செப்டம்பரில் தென் கோளத்துக்கும் அடுத்த ஊசியில் எந்த வைரஸ்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். தோல்வியை ஒப்புக்கொண்டு, அதையே முறையாக மாற்றிக்கொண்ட அறிவியல் இது.

அந்த வலையில் நம் மலைக்கும் ஒரு பங்கு இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ரயில் ஏறினால் வரும் குன்னூரில், 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில், 1950களில் இன்ஃப்ளுயென்ஸா மையம் ஒன்று இயங்கியது. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் காய்ச்சலோடு பயணிகள் இறங்கினார்கள். அந்த ஆண்டு உலகெங்கும் பரவிய ஆசிய ஃப்ளூ இந்தியாவுக்குள் நுழைந்தது அப்படித்தான். அதன் பரவலை ஆராய்ந்து எழுதியவர் குன்னூர் மையத்தின் ஐ.ஜி.கே. மேனன். 1958 பிப்ரவரி வரைக்கும் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் அவர் தொகுத்த கணக்கு சொல்கிறது. பதிவானவை மட்டும் இவை. ஃப்ளூ எங்கோ இருக்கும் நோய் என்பவர்கள், அதைத் துரத்திப் பிடிக்க நம் நீலகிரியில் ஆய்வகம் நடந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 1957இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி ஹாங்காங்கில் காய்ச்சல் பரவும் செய்தியை நாளேட்டில் படித்தார். இது புதிய வைரஸாக இருக்கும் என்று ஊகித்து மாதிரியை வரவழைத்தார். ஊகம் சரியானது. உடனே ஊசி தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அவர் சொன்ன முதல் சொற்களில் ஒன்று கோழிப்பண்ணைகளைப் பற்றியது: பருவம் முடிந்ததென்று சேவல்களை அறுத்துவிட வேண்டாம் என்று பண்ணையாளர்களிடம் சொல்லுங்கள். சேவல் இல்லாவிட்டால் கருக்கொண்ட முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் ஊசி இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 4 கோடி ஊசிகள் தயாராயின. பல்லடத்தில் குஞ்சு பொரிப்பகம் நடத்தும் எவருக்கும் இந்தக் கதையின் அருமை உடனே புரியும்.

முட்டையில் ஒரு குறையும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. முட்டைக்குள் வளரும்போது வைரஸ் முட்டைக்கு ஏற்றபடி தானும் கொஞ்சம் மாறிவிடுகிறது. H3N2 என்ற வகையில் இந்தச் சிக்கல் அதிகம். வைரஸைத் தேர்ந்தெடுத்து, வளர்த்து, ஊசியாக்கிக் கைக்குக் கொண்டுவர ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் வெளியே உலவும் வைரஸ் இன்னொரு பக்கம் நகர்ந்துவிடலாம். 2014–15இல் அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. அந்தப் பருவத்தில் ஊசியின் காப்பு 19 சதவீதமாக இறங்கியது. எதிர்ப்பாளர்கள் இந்த எண்ணை எடுத்துக் காட்டுவார்கள். எண் உண்மை. ஆனால் அதை அளந்து வெளியிட்டவர்கள் ஊசியைப் பரிந்துரைப்பவர்களே. அளந்த பிறகு அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை.

முட்டை இல்லாமல், விலங்குச் செல்லில் வைரஸை வளர்க்கும் ஊசி 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே, வைரஸையே வளர்க்காமல் அந்த முள்ளை மட்டும் பூச்சியின் செல்லில் உருவாக்கும் ஊசி வந்தது. முதியவர்களின் உடல் ஊசிக்கு மந்தமாகவே பதில் தருகிறது என்று கண்டதும், வழக்கமான 15 மைக்ரோகிராமுக்குப் பதில் நான்கு மடங்கு சரக்கு வைத்த ஊசியைச் செய்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அது சாதாரண ஊசியைவிட 24 சதவீதம் கூடுதலாக ஃப்ளூவைத் தடுத்தது. இங்கே இந்தியாவில், 2010இல் சீரம் நிறுவனம் மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தது. பி வகை ஃப்ளூவின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. எனவே அது இனி ஊசியில் தேவையில்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கோமாரி ஊசியிலிருந்து சி வகையை எடுத்த அதே நேர்மைதான் இது. தேவையில்லாததைக் கழிக்கத் தெரிந்த முறையை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது?

இனி, "ஊசி போட்டேன், எனக்கும் காய்ச்சல் வந்ததே" என்ற பேச்சு. கையில் குத்தும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. உடைத்த வைரஸின் துண்டுகள்தான் இருக்கின்றன. அவற்றால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. குத்திய இடத்தில் வலியும், ஓரிரு நாள் உடம்பு சூடும் வரலாம். காப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் ஊசி என்ன செய்யும்? மழைக்காலத்தில் காய்ச்சல் தரும் வைரஸ்கள் வேறு பலவும் உண்டு, டெங்குவும் உண்டு. ஃப்ளூ ஊசி அவற்றைத் தடுக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று வேறொன்று. காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு 2018இல் சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. நலமாக இருக்கும் பெரியவர்களில் ஊசி போடாதவர்களுக்கு ஃப்ளூ வந்தது 2.3 சதவீதம், போட்டவர்களுக்கு 0.9 சதவீதம். ஒருவருக்கு ஃப்ளூ வராமல் தடுக்க 71 பேருக்கு ஊசி போட வேண்டும். "பார்த்தீர்களா, 71 பேரில் ஒருவர்!" என்கிறார்கள். அதே கணக்கை வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஆயிரம் பேரில் 23 பேருக்கு வர வேண்டிய நோய் 9 பேருக்கு வந்தது. பத்தில் ஆறு தப்பியது. பயிரைத் தாக்கும் நோயில் பத்தில் ஆறைத் தடுக்கும் மருந்து கிடைத்தால், மீதி நான்கு போகிறதே என்று ஈரோட்டு மஞ்சள் விவசாயி அதை வேண்டாம் என்பாரா? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த எண் நலமாக இருப்பவர்களைப் பற்றியது. ஃப்ளூவில் சாகிறவர்களில் பெரும்பகுதி அவர்கள் அல்லர்.

சாகிறவர்கள் யார்? முதியவர்கள், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள், இதய நோயாளிகள், நுரையீரல் கெட்டவர்கள். கோவையிலும் திருப்பூரிலும் இந்தக் கடைசிக் கூட்டம் யாரென்று நமக்குத் தெரியும். பஞ்சாலையில் முப்பது ஆண்டு பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவர்கள். வார்ப்படப் பட்டறையில் மணல் தூசிக்கு நடுவே நின்றவர்கள். இந்த ஊரின் செல்வம் அவர்களின் நுரையீரலில் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு ஃப்ளூ வந்தால் அது மூன்று நாள் சளிக்காய்ச்சலாக நிற்பதில்லை. நிமோனியாவாகி, ஆக்சிஜன் தேவைப்பட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிகிறது. சான்றிதழில் "நிமோனியா" என்றோ "மாரடைப்பு" என்றோ எழுதப்படும். ஃப்ளூ என்ற பெயரே எங்கும் இராது.

பெயர் இல்லாததால்தான் பயமும் இல்லை. பிளேக் நோய் கோவையை உலுக்கியபோது மக்கள் வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே போய்த் தங்கினார்கள். அந்த நினைவு இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்களாக நிற்கிறது. 1918இன் ஃப்ளூ இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அது ஒரு விஷக் காய்ச்சலாக மட்டுமே நம் பேச்சில் கரைந்துவிட்டது. 2015இல் பன்றிக் காய்ச்சல் என்ற ஃப்ளூ உறுதியானவர்கள் மட்டும் இந்தியாவில் 42,000க்கு மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். பரிசோதிக்கப்படாமல் போனவர்களையும் சேர்த்து மதிப்பிட்ட ஆய்வு ஒன்று, 2010 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் ஃப்ளூவோடு தொடர்புடைய மரணங்கள் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,27,000 என்று சொல்கிறது. இதைச் சளிக்காய்ச்சல் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஊசி இந்த மரணங்களைக் குறைக்குமா? மாரடைப்பு வந்து சிகிச்சை பெற்றவர்களிடம் எட்டு நாடுகளில் நடந்த சோதனை 2021இல் வெளியானது. ஃப்ளூ ஊசி பெற்றவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 2.9 சதவீதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 4.9 சதவீதம். வங்கதேசத்தில் கருவுற்ற பெண்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தபோது, பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ வருவது 63 சதவீதம் குறைந்தது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போடுவதுதான் அந்தக் குழந்தைக்கு இருக்கும் காப்பு. நம்மைப் போல வெயிலும் மழையும் உள்ள நாட்டில், நம்மைப் போன்ற தாய்மாரிடம் கண்ட உண்மை இது.

குளிர்நாட்டு நோய் என்ற பேச்சும் இதோடு விழுகிறது. இந்தியாவில் பல ஊர்களில் ஃப்ளூ உச்சம் தொடுவது தென்மேற்குப் பருவமழையில். சென்னையிலும் வேலூரிலும் அது ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஏறுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு மழையையும் கிழக்கிலிருந்து இன்னொரு மழையையும் பார்க்கும் கோவைக்கு இரண்டு பருவமும் பொருட்டு. ஊசியின் காப்பு சில மாதங்களில் தளர்கிறது என்பதால், எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிலவேம்புக் குடிநீர் குடியுங்கள், நானும் குடிக்கிறேன். காய்ச்சலில் அது ஆறுதல் தரலாம். ஆனால் வரப்போகும் வைரஸின் முள்ளை உடம்புக்கு முன்கூட்டிக் காட்டிப் பழக்கும் வேலையைக் கசாயம் செய்வதில்லை. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

மிச்சம் இருப்பது "கம்பெனி வியாபாரம்" என்ற குற்றச்சாட்டு. இதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் ஊசியை வேண்டாம் என்று சொல்வதில் போய் முடிய வேண்டியதில்லை. இன்று தனியார் மருத்துவமனையில் ஒரு ஃப்ளூ ஊசிக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆகிறது. நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை. அதனால் வசதியுள்ள வீட்டுக் குழந்தைக்கு ஊசி கிடைக்கிறது, அந்த வீட்டில் வேலை செய்யும் ஆஸ்துமாக்காரப் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. வியாபாரம் என்று கோபப்படுகிறவர்கள், அரசு வாங்கி இலவசமாகப் போட வேண்டும் என்றல்லவா குரல் கொடுக்க வேண்டும்? தட்டம்மை ஊசியைச் செய்வதும் கம்பெனிகள்தாம். அரசு மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. மருந்தை மொத்தமாக, மலிவாக வாங்கும் வேலையில் 1994 முதல் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் இருக்கிறது.

தேவை இல்லாததால் வாங்கவில்லை, வாங்காததால் உற்பத்தி இல்லை என்ற வட்டத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2009 ஜூனில் பன்றிக் காய்ச்சல் உலகப் பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தயாரான ஊசிகள் சந்தைக்கு வந்தது 2010 ஜூன், ஜூலையில். அதற்குள் ஓராண்டு கடந்துபோயிருந்தது. ஆண்டுதோறும் ஊசி போடும் பழக்கமும் அதற்கான உற்பத்தியும் உள்ள நாடுதான் அடுத்த பெருந்தொற்றின்போது வேகமாக எழுந்து நிற்கும்.

யாருக்கு முதலில் போடுவது என்று தேடவும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிறவர்களின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. கருவுற்ற பெண்களின் பட்டியல் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இருக்கிறது. பஞ்சாலை, பனியன், வார்ப்படத் தொழிலாளர்களின் பட்டியல் இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் இருக்கிறது. இந்த மூன்று பட்டியலில் உள்ளவர்களுக்கு மழைக்கு முன் ஃப்ளூ ஊசியை இலவசமாகப் போட வேண்டும். இதுவே என் கோரிக்கை. கொங்கு நாட்டின் ஆலை முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கோரிக்கையும் இதுதான்.

அரசு வரும்வரை நாமும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் சர்க்கரையோ இதய நோயோ இழுப்போ உள்ளவர் இருந்தால், பிள்ளை சுமக்கும் பெண் இருந்தால், வைகாசிக்குள் மருத்துவரைப் பார்த்து அவர்களுக்கு ஊசி பற்றிக் கேளுங்கள். கோமாரி ஊசிக்கு மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தும் அதே அக்கறையோடு, திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் அப்புச்சியின் கையையும் பிடித்துக் கூட்டிப் போங்கள்.